தொட்டியில் எழுதிய தேதி: நூறு நாள் வேலைத் தளத்துப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களே, மதினிமார்களே, தங்கச்சிமார்களே,

ஐந்து வருடம் உங்கள் வார்டு உறுப்பினராக இருந்தவள் எழுதுகிறேன். 2020 ஜனவரியில் பதவியேற்றோம். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தலைவர் நாற்காலி காலியாகிவிட்டது. தனி அலுவலர் வந்து கையெழுத்துப் போட்டார். தேர்தல் என்றைக்கு நடந்தாலும் சரி, அதற்கு முன்னால் உங்களிடம் சில விஷயங்களைப் பேசிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கம்மாய்க்கரையில் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து நாம் எப்போதும் பேசுகிற பேச்சுதான். ஆனால் அங்கே பேசினால் பக்கத்தில் இருக்கிற பத்துப் பேர் காதில்தான் விழும். அதனால் எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

டீக்கடையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை யார் நிற்கிறார்கள் என்று கேட்கிறார்கள். பெயரைச் சொன்னதும் வருகிற அடுத்த கேள்வி, "அவரு யாரு வீட்டு ஆளு?" அதற்கடுத்தது, "எம்புட்டுச் செலவழிப்பாரு?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் அந்த ஆளைத் தெரிந்துகொண்டுவிட்டதாக நினைக்கிறோம். இத்தனை வருடம் அவர் ஊருக்குள் என்ன செய்துகொண்டிருந்தார், எந்தத் தெருவுக்குள் அவர் கால் பட்டிருக்கிறது, எந்தத் தெருவுக்குள் பட்டதே இல்லை என்று யாரும் கேட்பதில்லை. ஓட்டுப் போட்ட பிறகோ, நல்லவரோ கெட்டவரோ, அவரை அப்படியே தனியாக விட்டுவிடுகிறோம். நல்லவரைத் தனியாக விட்டால் அவரை மற்றவர்கள் முடித்துவிடுவார்கள். கெட்டவரைத் தனியாக விட்டால் அவர் நம்மை முடித்துவிடுவார். ஐந்து வருடம் உள்ளே இருந்து பார்த்து நான் கற்றுக்கொண்டது இதுதான்.

அந்த மே ஒன்றாம் தேதி கிராம சபை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நம் ஊர் ஜனத்தொகை மூவாயிரத்துக்கு மேல். ஆகவே இருநூறு பேர் வந்தால்தான் கோரம். வழக்கம்போல முதல் நாளே வேலைத் தளத்துக்குத் தீர்மான நோட்டு வந்து, உங்களிடம் கையெழுத்தும் ரேகையும் வாங்கிப் போயிருந்தார்கள். நானும் முதல் இரண்டு வருடம் தீர்மானத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டவள். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அன்று கூட்டத்துக்கு நேரில் வந்தவர்கள் அறுபது பேர் இருப்பீர்கள்.

நடுத்தெரு மேல்நிலைத் தொட்டியின் தூணில் நீலப் பெயின்ட்டில் கட்டம் போட்டு இரண்டு தேதி எழுதியிருக்கும். ஒன்று சுத்தம் செய்த நாள். மற்றது அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய நாள். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் அந்தத் தேதி மாறிக்கொண்டே இருக்கும். வரவு செலவு வாசித்து முடிந்து எல்லாரும் எழுந்திருக்கப் போகிற நேரத்தில், தொட்டிக்கு எதிர்வீட்டுப் பெரியம்மா கையைத் தூக்கினார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். பஸ் நம்பர் பார்த்துத்தான் மேலூருக்குப் போய்வருவார்கள்.

"காலு முடியாம பதினஞ்சு நாளா அந்தத் திண்ணையிலதான் கெடக்கேன். ராத்திரியும் அங்கதான் படுக்கேன். ஒருத்தரும் ஏணியில ஏறலை. தேதி மட்டும் எப்பிடியப்பா மாறுச்சு?"

கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. டேங்க் ஆபரேட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தச் சம்பளத்துக்கு மூன்று தொட்டி அவர் தலையில் இருந்தது. மேலதிகாரி வந்தால் தூணில் தேதியைப் பார்த்துவிட்டுப் போவார், மேலே ஏறிப் பார்க்கமாட்டார். தலைவர் முகம் வெளுத்துப்போயிற்று. அவருக்கும் அந்த நிமிடம்தான் தெரியும். மறுநாள் காலையில் தண்ணீரை வடியவிட்டார்கள். இரண்டு பையன்கள் உள்ளே இறங்கி, கரம்பை நிறத்தில் இருந்த சகதியைச் சட்டி சட்டியாக அள்ளி வெளியே ஊற்றினார்கள். நானே எண்ணினேன், பதினோரு சட்டி. மேல்மூடி ஒரு ஓரம் உடைந்து, புறா இறகு ஒட்டிக் கிடந்தது. அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு தொட்டி சுத்தம் செய்கிற அன்றைக்குத் திண்ணைப் பெரியம்மா பார்க்காமல் யாரும் தேதி எழுதியதில்லை. இதற்கு எந்தத் திட்டமும் வரவில்லை. ஒரு ரூபாய் கூடுதல் நிதி வரவில்லை. ஒரு கேள்வி மட்டும் வந்தது.

இப்போது வேறு ஊர்க் கதைக்குப் போகிறேன். சென்னைக்கு மேற்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் குத்தம்பாக்கம் என்று ஓர் ஊராட்சி. இளங்கோ ரங்கசாமி அந்த ஊர்க்காரர், தலித் குடும்பத்தில் பிறந்தவர். கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்து, மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானியாக வேலை பார்த்தவர். அப்பேர்ப்பட்ட வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996-இல் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்று ஜெயித்தார். 2001-இலும் அவரே ஜெயித்தார். கள்ளச்சாராயம் காய்ச்சுவதையே பிழைப்பாக வைத்திருந்த குடும்பங்கள் அந்த ஊரில் இருந்தன. சாதிச் சண்டையும் இருந்தது. தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும்படி இரட்டை வீடுகள் கட்டி, சமத்துவபுரத்தைத் தன் ஊருக்கு ஏற்றமாதிரி அமைத்துக் காட்டினார். அந்த ஊரைப் பார்க்க வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள்.

எல்லாரும் சொல்லிப் பெருமைப்படுவது அந்த வீடுகளைத்தான். என் மனசில் நிற்பது அவர் கட்டிய சாக்கடை. கல் பாலீஷ் போடுகிற ஆலையில் கழித்துப் போட்ட கல்லை எடுத்துவந்து, குறைந்த செலவில் சாக்கடை கட்டினார். அரசு எஸ்டிமேட்டில் இருந்தபடி கட்டவில்லை என்று சொல்லி அவரைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். நம் ஊராட்சிச் சட்டத்தில் 205-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. மக்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த தலைவரை நீக்குகிற அதிகாரம் அதில் கலெக்டருக்கு இருக்கிறது. அந்தப் பிரிவு நோட்டீஸ் என்றாலே தலைவர்களுக்குத் தூக்கம் போய்விடும். இளங்கோ அப்போது ஓடியது கிராம சபைக்கு. ஊரே கூடி, கணக்கைப் பார்த்து, இவர் தப்புச் செய்யவில்லை என்று சொன்னது. அவர் திரும்பவும் அந்த நாற்காலிக்கு வந்தார்.

இவர் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படிப்பால்தான் கழித்த கல்லில் சாக்கடை கட்டலாம் என்று யோசிக்க முடிந்தது, சரிதான். ஆனால் இடைநீக்கம் வந்த அன்றைக்கு அந்தப் படிப்பு அவரைக் காப்பாற்றவில்லை. காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற ஜனம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்ததுதான் காப்பாற்றியது.

அப்படி யாரும் வந்து உட்காராத ஊரில் என்ன நடக்கும் என்பதை நாம் வெளியூரில் போய்த் தேட வேண்டியதில்லை. நம் மேலூர்ப் பக்கம்தான் மேலவளவு. 1996-இல் அந்த ஊராட்சி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட்டவர்களை மிரட்டினார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள், ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அத்தனைக்கும் பிறகு அந்த வருடக் கடைசி நாளில் நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். ஊராட்சி அலுவலகத்துக்குள் அவரால் நிம்மதியாகக் கால்வைக்க முடியவில்லை. 1997 ஜூன் 30-ஆம் தேதி, எரிந்த வீடுகளுக்கு நஷ்டஈடு கேட்டு மதுரை கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பட்டப்பகலில், நம் ரோட்டில். அந்த பஸ்ஸில் வந்த ஜனம், அந்த ஊர் ஜனம், சுற்றியிருந்த நாம் எல்லாரும் அன்றைக்கு எங்கே இருந்தோம் என்ற கேள்வி இன்னும் எனக்குள் அறுத்துக்கொண்டிருக்கிறது. அப்போது நான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் இதே இடஒதுக்கீட்டுக்காகப் பத்து வருடம் ஒழுங்காகத் தேர்தலே நடக்கவிடவில்லை. 2006-இல்தான் நடந்தது. இதெல்லாம் பழைய கதை என்று சொல்கிறவர்கள் உண்டு. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், தலித் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்து மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் ஊர் உலகமெல்லாம் பார்த்த படம். அந்த அறையில் இருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப்போட்டு, "உட்காருங்கம்மா" என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு தலைவர் இதுதான் முதல் வேலை என்று முடிவெடுத்த உடனேயே அவருக்கு எதிரி உண்டாகிவிடுகிறான். எதையும் முதலில் வைக்காத தலைவருக்கு எதிரியே கிடையாது. திருநெல்வேலிப் பக்கம் தாழையூத்தில் கிருஷ்ணவேணி தலைவராக இருந்தார். அருந்ததியர் சமூகத்துப் பெண். அவர் முதலில் வைத்தது பெண்களுக்குக் கழிப்பிடம். அதைப் புறம்போக்கு நிலத்தில் கட்ட முனைந்தார். புறம்போக்கு என்றால் அதைத் தன் கைக்குள் வைத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள் அல்லவா? 2011 ஜூன் மாதம் ஒரு ராத்திரி வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அவரை வெட்டிச் சாய்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். உடம்பெல்லாம் தழும்போடு வழக்கை விடாமல் நடத்தினார். 2024 நவம்பரில் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒரு கழிப்பிடத்துக்குப் பதின்மூன்று வருடம். இருட்டின பிறகு ஒதுங்கப் போகிற நமக்குத்தான் அந்தக் கழிப்பிடத்தின் அருமை தெரியும். நமக்காக முன்னால் நிற்கிற பெண்ணுக்குப் பின்னால் நாம் நிற்க வேண்டாமா?

நின்றால் என்ன நடக்கும் என்பதையும் நம் மேலூர்ப் பக்கமே பார்த்துவிட்டோம். 2024 நவம்பர் 7-ஆம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்கை ஏலத்தில் விட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் ஏக்கர். அதற்குள் அரிட்டாபட்டியும் வந்தது. ஏழு குன்றும், எழுபதுக்கு மேல் ஏரி குளமும், வற்றாத சுனைகளும் உள்ள ஊர். குடைவரைக் கோயிலும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் உள்ள ஊர். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசே அறிவித்த ஊர். அந்த ஊராட்சிக்கு அப்போது தலைவர் வீரம்மாள் பாட்டி. பேரன் பேத்தி எடுத்து ஓய்ந்து உட்காரவேண்டிய வயதில் தேர்தலில் நின்று ஜெயித்தவர். அவரிடம் பட்டமும் கிடையாது, பணமூட்டையும் கிடையாது. மலையும் சுனையும் குளமும் ஒவ்வொன்றாகத் தெரியும். எந்தத் தண்ணீர் எந்த மடைக்கு இறங்கும் என்று தெரியும்.

நவம்பர் 23-ஆம் தேதி கிராம சபை. அரிட்டாபட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அன்றைக்குக் கூட்டத்துக்கு யாரையும் நோட்டு நீட்டிக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அந்தத் தீர்மானம் ஒன்றே சுரங்கத்தை நிறுத்திவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பிறகு சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. மேலூரில் கடை அடைத்தார்கள். ஜனவரி 7-ஆம் தேதி ஜனம் மதுரைக்கு நடந்தது. அதில் உங்களில் எத்தனை பேர் காலில் கொப்புளத்தோடு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். 2025 ஜனவரி 23-ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்தார்கள். அத்தனைக்கும் பிடிமானமாகக் கையில் இருந்த காகிதம், ஜனம் நேரில் வந்து கையெழுத்துப் போட்ட கிராம சபைத் தீர்மானம். உங்கள் கையெழுத்துக்கு அவ்வளவு கனம் உண்டு. அதைத்தான் வேலைத் தளத்தில் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் போட்டுக்கொடுத்துவிடுகிறீர்கள்.

இனி வரப்போகிற தேர்தலுக்கு வருகிறேன். உங்களில் ஒருத்தி நிற்க வேண்டும் என்பது என் ஆசை. "நான் அஞ்சாப்புதானே" என்று தளத்துத் தங்கச்சி ஒருத்தி என்னிடம் சொன்னாள். ஹரியானாவில் ஊராட்சித் தேர்தலில் நிற்பதற்குப் படிப்புத் தகுதி வைத்தார்கள், சுப்ரீம் கோர்ட்டும் 2015-இல் அது செல்லும் என்றது. நம் தமிழ்நாட்டில் அப்படி எதுவும் கிடையாது. இருபத்தொரு வயது நிறைந்திருந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நிற்கலாம். போன தடவை தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கு 300. வார்டு உறுப்பினருக்கு 200, அதிலும் பாதி. கட்சிச் சின்னம் கிடையாது. சட்டப்படி சீட்டில் பாதி பெண்களுக்கு. தலைவருக்கு மாத மதிப்பூதியம் 2000 ரூபாய்தான். ஆகையால் லட்சம் லட்சமாகக் கொட்டி அந்தப் பதவிக்கு வருகிறவர், போட்டதை எங்கிருந்து எடுப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிற்கிறது யாராக இருந்தாலும் ஓட்டுக் கேட்டு வரும்போது திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். கொடுத்துவிட்டு, காலனிக்குள் கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று கேளுங்கள். மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடக்கிறோமே, அந்த மயானப் பாதையில் ஒரு தடவையாவது நடந்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். வருகிற பணத்தில் குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவழிக்க வேண்டும் என்று ஒரு பங்கு இருக்கிறது, அது தெரியுமா என்று கேளுங்கள். பெண்ணாக இருந்தால், வீட்டுக்காரரைப் பேசவிடாமல் அவரையே பேசச் சொல்லுங்கள். நான் பதவிக்கு வந்த புதிதில் என் பேரைச் சொல்லி என் வீட்டுக்காரரிடம்தான் நோட்டை நீட்டினார்கள். ஒருநாள் நான் போய் அந்த நோட்டை வாங்கி என் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

ரோஸ் சீட்டில் முத்திரை குத்தியதோடு வேலை முடிந்தது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்தில் ஆறே ஆறு நாள். நாற்று நடவு இருந்தால் நாள் மாற்றிக்கொள்ளலாம், விசேஷ வீடு இருந்தால் முடித்துவிட்டு வரலாம். தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு, தனி அலுவலர் கூட்டினாலும் அது நம் சபைதான்.

அடுத்த கூட்டத்தன்று காலையில் நான் மந்தைப் புளியமரத்தடியில் முன்னதாகவே வந்து பாய் விரித்து வைத்திருப்பேன். திண்ணைப் பெரியம்மாவை ஆட்டோவில் கூட்டிவர என் மகனிடம் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் தளத்துக்கு நோட்டு வந்தால், "நாளைக்குக் கூட்டத்துல வந்து போடுறோம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள். வருகிற வழியில் தூணில் என்ன தேதி எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
முன்னாள் வார்டு உறுப்பினர்